சாமியாருக்குப் பின் மேஜிஸ்திரேட்

பெரம்பலூர்
20-6-1944

அக்கா அடைக்கலமேரிக்கு, தம்பி பிலவேந்திரன் எழுதுவது.

கல்லறையிலிருந்து வீட்டுக்குக்கூட வராமல் பஸ் ஏறிவிட்டேன் என்று அம்மா வருத்தப்பட்டிருப்பார்கள். வந்திருந்தால் வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பேன். எழுதுவதென்றால் கொஞ்சம் அடக்கமாக எழுதலாம். வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து இருந்து வந்த பழக்கம்.

உங்கள் தந்தி கிடைத்த கையோடு கிளம்பினேன். கரியில் ஓடுகிற பஸ் குன்னத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மீதித் தூரத்தை நடந்தும் மாட்டுவண்டியிலுமாகக் கடந்து அரியலூர் வந்து சேர்வதற்குள் தங்கை விண்ணரசியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டீர்கள். முகத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். "வேணாம் தம்பி, உனக்குப் பழைய மொகமே இருக்கட்டும்" என்றீர்கள். சரியென்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. இப்போது நினைத்துப் பார்த்தால் பழைய முகமும் வரவில்லை.

மச்சான் செல்வநாதன் குழியில் மண் போடக் குனிந்தபோது நீங்கள் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டு, "நீ போடாதடா! ஊத்துன கையால என் தங்கச்சிக்கு மண்ணு போடாத!" என்று கத்தினீர்கள். ஊரே நின்று பார்த்தது. அதுவரை எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை.

அங்கிருந்து நான் போனது போலீஸ் ஸ்டேஷனுக்கு. ஆஸ்பத்திரியில் மேஜிஸ்திரேட் வந்து விண்ணரசியிடம் எழுதி வாங்கிய மரண வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். கைவிரல்களெல்லாம் வெந்துபோயிருந்ததால் கால் பெருவிரலில் மை தடவி ரேகை எடுத்திருக்கிறார்கள். அதில் இருப்பது இவ்வளவுதான்: சிம்னி விளக்குக் கைதவறி விழுந்து சேலையில் பிடித்துக்கொண்டது, அப்போது புருஷன் வீட்டில் இல்லை, யார் மேலும் பிராது இல்லை.

இரண்டில் ஒன்றுதானே நிஜமாக இருக்கமுடியும்? நீங்கள் கல்லறையில் கத்தியதா, அவள் சாகும்போது சொன்னதா?

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். மேஜிஸ்திரேட்டுக்கு ஆள் போவதற்கு முன்பே சாமியாருக்கு ஆள் போயிருக்கிறது. அனுப்பியது நீங்கள். பாவசங்கீர்த்தனம், சாகிறவர்களுக்கு எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசுதல், நற்கருணை எல்லாம் முடிந்தபிறகுதான் சர்க்கார் உள்ளே வந்திருக்கிறது. அவளுக்கு நல்ல நினைவு இருந்த நேரத்தையெல்லாம் ஜெபத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்ததைச் சட்டத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

பிலவேந்திரன்

*

சேசு மரி சூசை

வரதராஜன்பேட்டை
27-6-1944

தம்பி பிலவேந்திரனுக்கு,

உன் கடுதாசியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. "சௌக்கியமா இருக்கானாம்" என்று மட்டும் சொன்னேன். நீ வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். வக்கீலாகவே ஆகிவிட்டாய் போலிருக்கிறது. கேள்வி கேட்கிறாய். கேள், சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேசம் நடத்திக்கொண்டிருந்தபோது அரியலூரிலிருந்து சைக்கிளில் ஆள் வந்தது. போட்டது போட்டபடி ஓடினேன். ஆஸ்பத்திரியில் அவளை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பாயிதான் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தவள். பாப்பாயியின் கையிலும் கொப்புளம்.

விண்ணரசிக்கு நினைவு நன்றாக இருந்தது. என்னைக் கண்டதும் அவள் சொன்ன முதல் வார்த்தை இது. உனக்காக ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "அக்கா, அவுங்கதான் ஊத்துனாங்க. டின்னோட ஊத்துனாங்க. லீலாவ வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டேன், பிள்ள பாக்கல." கத்தவில்லை, அழவில்லை. சந்தைக்குப் போய்வந்த சேதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஊருக்கெல்லாம் மண்ணெண்ணெய் கார்டுக்கு அளந்து கொடுக்கிற காலம் இது. நாங்கள் விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிட்டு இருட்டில் ஜெபமாலை சொல்கிறோம். அந்தத் தெருவில் டின் கணக்கில் எண்ணெய் இருக்கிற வீடு அவன் வீடு ஒன்றுதான். மண்ணெண்ணெய்க் கடைக்காரன் ஆயிற்றே. ஒரு சிம்னி விளக்கில் கொள்ளுகிற எண்ணெயில் ஒரு மனுஷி உடம்பு அப்படி வேகுமா? இதை நீ மேஜிஸ்திரேட்டிடம் கேட்டிருக்கலாம்.

சாமியாரை ஏன் முதலில் அழைத்தாய் என்கிறாய். அழைக்கச் சொன்னது அவள். "அக்கா, எனக்குப் பயமா இருக்கு. சாமியாரக் கூட்டியாங்க" என்று கேட்டாள். சாகிற பிள்ளை சாமியாரைக் கேட்கும்போது, இரு, முதலில் சர்க்கார் வரட்டும் என்று நீ சொல்லியிருப்பாயா? அவர் வருவதற்குள் உயிர் போயிருந்தால் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பாய்? நம் வீட்டில் பிறந்தவன்தானே நீ?

சாமியார் வந்து எல்லாம் செய்தார். அதற்கப்புறம் அவள் முகம் தெளிந்துவிட்டது. சற்று நேரத்தில் டாக்டர் சொல்லியனுப்பி மேஜிஸ்திரேட் வந்தார். நல்ல மனிதர்தான். எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அவளிடம் தணிவாகத்தான் கேட்டார். செல்வநாதன் வெளியே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவள் என்ன சொன்னாள் என்று வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

லீலாவைப் பாப்பாயி வீட்டிலிருந்து நான் தூக்கிவந்துவிட்டேன். மூன்று வயசுக்கு இவ்வளவு அமைதி ஆகாது. தூங்கும்போது என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்கிறாள். இந்தப் பிள்ளையை மறுபடி அந்த வீட்டு வாசற்படி மிதிக்க விடமாட்டேன். அதற்கு என்ன வழி என்று உன் சட்டத்தைக் கேட்டு எழுது.

அக்கா
அடைக்கலமேரி

*

பெரம்பலூர்
4-7-1944

அக்காவுக்கு,

சட்டத்தைக் கேட்டேன். எழுதுகிறேன்.

போலீஸார் நேற்று அவனைக் கைது செய்துவிட்டார்கள். நீங்கள் சொன்னதையும், பாப்பாயி சண்டைச் சத்தம் கேட்டதாகச் சொன்னதையும், வீட்டுக்குப் பின்னால் காலி டின் கிடந்ததையும் வைத்துக் கேஸ் எழுதியிருக்கிறார்கள். அரியலூரில் விசாரணை நடந்து, அப்புறம் திருச்சினாப்பள்ளி செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும்.

விண்ணரசி உங்களிடம் சொன்னதும் சட்டப்படி மரண வாக்குமூலம்தான். எழுதினால்தான் செல்லும் என்பதில்லை. சாகப்போகிறவர்கள் சொல்லும் வார்த்தையைச் சத்தியம் வாங்காமலே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். சாகிற நேரத்தில் யாரும் பொய் சொல்லமாட்டார்கள், கடவுள் முன்னால் நிற்கப்போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய சத்தியம் எதுவும் வேண்டாம் என்று வெள்ளைக்காரன் நம்புகிறான். எங்கள் வக்கீல் ஐயா இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "ஏம்ப்பா, ரெண்டு வாக்குமூலம் இருக்கே. ரெண்டுக்கும் நடுவுல என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டார்.

அக்கா, அதைத்தான் நானும் கேட்கிறேன். முதலில் ஒன்று சொன்னவள் பிறகு ஏன் மாற்றிச் சொன்னாள்? அவன் மிரட்டினானா? அவன் வெளியேதான் நின்றான் என்று நீங்களே எழுதுகிறீர்கள். மேஜிஸ்திரேட் போனபிறகும் அவள் விடியும்வரை இருந்தாள். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள். கேட்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? உங்கள் கடிதத்தில் அந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

லீலா விஷயம். அவனுக்குத் தண்டனை ஆனால் பிள்ளை நம்மிடம் இருக்கும். விடுதலை ஆகிவிட்டால் பிள்ளை அவனுடையது. தகப்பன் இருக்கும்போது பெரியம்மாவுக்குப் பாத்தியதை கிடையாது. ஆகையால் பிள்ளை எங்கே வளரும் என்பது, நீங்கள் கூண்டில் ஏறி என்ன சொல்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. மறைக்காமல் எழுதுங்கள்.

பிலவேந்திரன்

*

சேசு மரி சூசை

வரதராஜன்பேட்டை
16-7-1944

தம்பிக்கு,

இந்தக் கடுதாசியை மூன்றுமுறை எழுதிக் கிழித்துப்போட்டேன். நீ கேட்டது நியாயம். கேட்டேன். அவளும் சொன்னாள். அதை வெளியே சொல்லக்கூடாது என்று அம்மா என் தலையில் கைவைத்துச் சத்தியம் கேட்கிறார்கள். கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை, சோறு வெந்துவிட்டதா பார்க்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மேஜிஸ்திரேட் போனதும் உள்ளே போய், "ஏன்டி இப்படிச் சொன்ன? எங்கிட்ட வேற சொன்னியே?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அதற்கு அவள், "அக்கா, சாமியார் கேட்டாரு, உனக்குத் தீங்கு செஞ்சவங்கள மன்னிச்சியாம்மான்னு. மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டேன். அப்பறந்தான் நற்கருண குடுத்தாரு. மன்னிச்சிட்டு உடனே காட்டிக்குடுத்தா அது என்னக்கா மன்னிப்பு? எனக்குக் குடுத்ததத் திருப்பி வாங்கிட மாட்டாரா?" என்றாள்.

இவ்வளவுதான் தம்பி. மிரட்டலும் இல்லை, மயக்கமும் இல்லை. மன்னித்தவள் சாட்சி சொன்னால் மன்னிப்புச் செல்லாமல் போய்விடும் என்று அந்தப் பைத்தியம் நினைத்துவிட்டது. கடவுள் முன்னால் நிற்கப்போகிறோம் என்றுதான் பொய் சொன்னாள். உன் வெள்ளைக்காரன் சட்டம் எழுதும்போது இப்படி ஒருத்தி இருப்பாள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

தப்புடி, அது வேறே இது வேறே என்று சொன்னேன். மேஜிஸ்திரேட்டை மறுபடி கூப்பிடட்டுமா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் லீலா பேரைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அம்மாவுக்கு என்ன பயம் தெரியுமா? நான் கூண்டில் ஏறி விண்ணரசி மேஜிஸ்திரேட்டிடம் சொன்னது பொய் என்று சொன்னால், நாக்கில் நற்கருணை கரையுமுன்னே பொய் சொன்னவள் என்று ஆகிவிடும். "எம்பொண்ணு மோட்சத்துல இருக்கான்னு நெனச்சித்தான் நான் கஞ்சி குடிக்கிறேன். நீ அவள நரகத்துல தள்ளிட்டு அந்தப் பாவியத் தூக்குல போடணுமாடி? அவன் செத்தா எம்பொண்ணு வந்துருவாளா?" என்று கேட்கிறார்கள்.

நீ என்னைக் கேள்வி கேட்டாய். நானும் ஒன்று கேட்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் விண்ணரசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூருக்கு உன்னைத் தேடி வந்தாளே, என்ன சொன்னாள் உன்னிடம்? எனக்குத் தெரியும். முதுகில் அடிபட்ட தழும்பைக் காட்டினாளாம். "புருஷன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும், கொஞ்சம் கூட்டித்தான் சொல்றே" என்று அவளுக்குப் புதுச்சேலை வாங்கிக்கொடுத்து, மறுநாள் நீயே பஸ் ஏற்றிவிட்டாயாம். சேலையைக் காட்டி, "அண்ணன் நல்ல சேலதாங்க்கா எடுத்துக் குடுத்துச்சு" என்று சிரித்தாள். அந்தச் சேலையைத்தான் அன்றைக்கு உடுத்தியிருந்தாள். போலீஸார் எடுத்துவைத்திருக்கிற துணியில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தச் சேலையின் கரைதான். போய்ப் பார்த்துக்கொள்.

எழுதக்கூடாதென்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன்.

அடைக்கலமேரி

*

பெரம்பலூர்
20-7-1944

அக்காவுக்கு,

பார்த்தேன். அந்தக் கரைதான்.

நேற்று ஆபீஸில் ஒரு பத்திரத்தைத் தப்பும் தவறுமாக நகல் எடுத்துவிட்டு ஐயாவிடம் திட்டு வாங்கினேன். சந்தோஷமாக இருந்தது. இன்னும் யாராவது திட்டமாட்டார்களா என்று இருக்கிறது.

அவள் உங்களிடம் சொன்ன காரணத்தை அப்படியே கோர்ட்டில் சொல்லவேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு வாக்குமூலம் ஒன்றையொன்று அடித்துவிடும், அவன் கையை வீசிக்கொண்டு வந்துவிடுவான். அம்மாவிடம் நான் வந்து பேசவா? என் முகத்தைப் பார்ப்பார்களா? உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? லீலாவை நினைத்துக் கேட்கிறேன்.

பிலவேந்திரன்

*

சேசு மரி சூசை

வரதராஜன்பேட்டை
3-9-1944

தம்பிக்கு,

சம்மன் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. எது வேண்டுமானாலும் லீலாவிடம் சொல்லியனுப்புகிறார்கள். அதுவும் "அம்மாயிக்குத் தண்ணி வேணுமாம்" என்று பெரிய மனுஷி மாதிரி வந்து நிற்கிறது. இரண்டு பேருக்கும் நடுவே நடந்து நடந்து அதற்குப் பேச்சு வந்துவிட்டது. அந்த வகையில் நல்லதுதான்.

போன வாரம் அரியலூர் போய்ச் சாமியாரைப் பார்த்தேன். அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கேட்டாலும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. "மன்னிச்சவங்க சாட்சி சொல்லக்கூடாதுன்னு வேதத்துல எங்கயாச்சும் இருக்கா சாமி?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லம்மா. மன்னிக்கிறது மனசுல. சாட்சி சொல்றது சத்தியத்துக்கு. ரெண்டையும் செய்யலாம்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வயசான மனிதர். எத்தனை பேருக்கு அவஸ்தை பூசியிருப்பார். அந்தக் கேள்வியை எல்லோரிடமும்தான் கேட்கிறார், கேட்கவேண்டியது அவர் கடமை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்பட யாராவது கிடைத்தால் தேவலை என்றிருக்கிறது.

கிளம்பும்போது, "அப்ப என் தங்கச்சி சொன்ன பொய்யி?" என்று கேட்டேன். "சர்வேசுரன் அந்தப் பிள்ளைய மேஜிஸ்திரேட்டு மாதிரி விசாரிக்கமாட்டாரும்மா. போ, நடந்ததச் சொல்லு" என்றார். அதை அம்மாவிடம் சொன்னேன். கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு என் தட்டில் குழம்பு கொஞ்சம் கூடுதலாக விழுந்தது.

கூண்டில் ஏறுவேன். எல்லாவற்றையும் சொல்வேன். சேலை விஷயத்தை உனக்கு எழுதியது பற்றி ராவும் பகலும் நினைக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா இல்லையா? அதை எழுது.

அக்கா
அடைக்கலமேரி

*

பெரம்பலூர்
24-10-1944

அக்காவுக்கு,

விடுதலை ஆகிவிட்டான்.

இந்த ஒரு வரியைத் தந்தியாகக் கொடுக்கத்தான் தபாலாபீஸ் வரை போனேன். அம்மா கையில் தந்தி கிடைத்தால் யார் செத்தது என்று பதறுவார்கள் என்று திரும்பிவிட்டேன்.

அம்மாவைத் தனியே விட்டுவந்ததால் நீங்கள் சாட்சி சொன்ன அன்றே ரயிலேறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பாப்பாயி கூண்டில் ஏறி, சண்டைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை, போலீஸ் ஐயாவே எழுதிக்கொண்டார் என்றாள். வெளியே வந்து என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எனக்கும் வூட்டுல வெளக்கு எரியணும் தம்பி. கடை அவுங்க அண்ணன் கையிலதான் இருக்கு" என்றாள். கொப்புளம் ஆறிய தழும்பு அவள் கையில் அப்படியே இருக்கிறது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எதிரி வக்கீல் சாமியாரையும் கூப்பிட்டார். அந்தப் பெண் பக்தியுள்ளவளா? ஆம். பாவசங்கீர்த்தனம் செய்தாளா? ஆம். நற்கருணை வாங்கினாளா? ஆம். அவ்வளவுதான் கேட்டார். உட்காரும்போது சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சாமியார் இறங்கிப் போகும்போது படியில் தடுமாறினார்.

உங்களை அந்த வக்கீல் என்ன பாடு படுத்தினார் என்பதை நான் மறக்கமாட்டேன். கல்யாணம் ஆகாதவள், பிள்ளையில்லாதவள், தங்கை பிள்ளையைத் தன் பிள்ளையாக்கிக்கொள்ளக் கதை கட்டுகிறாள் என்றார். நீங்கள் தலையை நிமிர்த்தியே நின்றீர்கள். கடைசியில், "உங்க தங்கச்சி இப்ப மோட்சத்துல இருக்காளா, நரகத்துல இருக்காளா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டாம் என்று ஜட்ஜு கையைக் காட்டினார். அதற்குள் நீங்கள், "மோட்சத்துலதான் இருக்கா. பொய் சொல்லிட்டுத்தான் போயிருக்கா" என்றீர்கள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஜட்ஜுக்குப் பக்கத்தில் அபிப்பிராயம் சொல்ல உட்கார்ந்திருந்த நாலு பெரிய மனிதர்களில் ஒருவரும் புன்னகை செய்தார். எனக்கு எழுந்து நின்று கத்தவேண்டும் போலிருந்தது.

தீர்ப்பில் ஜட்ஜு சொன்னதைக் குறித்துக்கொண்டேன். மரண அவஸ்தையில், தன் மத ஆசாரப்படி பாவமன்னிப்புப் பெற்ற ஒரு பக்தியுள்ள ஸ்திரீ, அடுத்த சில நிமிஷங்களில் ஒரு நீதிபதியிடம் பொய் சொன்னாள் என்று இந்தக் கோர்ட்டு நம்புவதற்கில்லை என்றார். நீங்கள் சொன்ன காரணம் பாசத்தால் பிறந்த கற்பனையாக இருக்கலாம் என்றார். அவர்மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. படித்ததை நம்புகிறார்.

சட்டம் அவளைப் பழிக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கோர்ட்டுப் புத்தகத்தில் அவள் புண்ணியவதி என்றுதான் எழுதியிருக்கிறது. அதுவாவது அம்மாவுக்குக் கிடைக்கட்டும்.

லீலாவுக்கு மனுப் போட்டுப் பார்க்கலாமா என்று ஐயாவைக் கேட்டேன். "கோர்ட்டே நிரபராதின்னு சொன்ன தகப்பங்கிட்டேருந்து எப்படிப்பா பிள்ளைய வாங்குவே?" என்றார். கல்லறைத் திருநாள் கழிந்ததும் வந்து அழைத்துக்கொள்வதாக அவன் எனக்கே சொல்லியனுப்பியிருக்கிறான். மரியாதையாகத்தான் சொல்லியனுப்பியிருக்கிறான்.

நான் வரட்டுமா? வந்து என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. ஆனாலும் வரட்டுமா?

பிலவேந்திரன்

*

சேசு மரி சூசை

வரதராஜன்பேட்டை
5-11-1944

தம்பி பிலவேந்திரனுக்கு,

வரவேண்டாம் என்று எழுதுவதற்குள் அவன் வந்து போய்விட்டான்.

கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வெள்ளை வேட்டியில் வந்தான். இளைத்திருக்கிறான். விண்ணரசி ஆத்துமத்துக்காக அரியலூரில் பூசை வைத்ததாகச் சொன்னான். சொல்லும்போது அழுதான். நடிப்பில்லை தம்பி, நிஜமாகவே அழுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா அவனுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, "சாப்பிட்டுப் போங்க மாப்ள" என்றார்கள். அவன் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா கொல்லைப்பக்கம் போனவர்கள், வண்டி போகும்வரை உள்ளே வரவேயில்லை.

நான் பிள்ளையின் துணிகளை மடித்தேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஊருக்குப் போகிறோம் என்று அவளுக்குச் சந்தோஷம். "பெரியம்மா, நீங்க எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். பள்ளிக்கூடம் இருக்கே கண்ணு என்றேன்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு காதோடு சொன்னேன். "யாராச்சும் அடிச்சா, சூடு வச்சா, சத்தம் போட்டு அழு. யார்கிட்ட வேணும்னாலும் போயிச் சொல்லு. சாமி கோவிச்சுக்காது." சரி என்று தலையாட்டினாள். மூன்று வயசுக்கு என்ன விளங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் ஞானோபதேச வகுப்பு. பிள்ளைகளோடு சேர்ந்து பரலோக மந்திரம் சொன்னேன். பிறர் குற்றத்தைப் பொறுப்பதைப் பற்றி வருகிற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. பிள்ளைகள் நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் நிறுத்தியது யாருக்கும் தெரியவில்லை. சாமியாரிடம் போய்ச் சொல்லவேண்டும். இப்போதைக்கு முடியாது.

விண்ணரசி மூன்றுதரம் நம்மைத் தேடி வந்தாள். உன்னிடம் ஒருதரம், எங்களிடம் இரண்டுதரம். மூன்றுதரமும் நிஜத்தைத்தான் சொன்னாள். நாம் நம்பவில்லை. நீ மட்டுமில்லை, நானும்தான், அம்மாவும்தான். வாயாடி, எதையும் பெரிதாக்கித்தான் சொல்வாள் என்று பாதியைத் தள்ளுபடி செய்துதான் கேட்டோம். பிறந்ததிலிருந்து அவள் சொன்னதில் ஒரேயொரு வார்த்தையைத்தான் மேஜிஸ்திரேட், ஜட்ஜு, அந்த நாலு பெரிய மனிதர்கள் என்று அத்தனை பேரும் அப்படியே நம்பினார்கள். அது அந்தப் பொய். உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை தம்பி. குத்தி ஓய்ந்துவிட்டது. அழுவதற்கு நீ ஒருத்தன்தான் எனக்கு மிச்சம்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் உனக்குப் பக்கம். வெட்கம் மானம் பார்க்காதே. கடைக்குப் போ, மச்சான் என்று கூப்பிடு, அவன் கொடுக்கிற காப்பியைக் குடி. லீலாவைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை நட. அவள் என்ன சொல்கிறாள் என்று கேள். சின்னப்பிள்ளை, விளையாட்டுக்குச் சொல்கிறது, கூட்டிச் சொல்கிறது என்று நினைத்துவிடாதே. பாதியைத் தள்ளாதே. அடி, சூடு என்று எது சொன்னாலும் அன்றைக்கே அவளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாகிறபோது சொன்னதைக் கேட்க எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள். இவள் சொல்வதை உயிரோடு இருக்கும்போதே நீ நம்பிவிடு.

அக்கா
அடைக்கலமேரி